நீல இம்ப்ரெஸா கைமாறிய கோடை

1998-ன் பிற்பகுதியில் ஜப்பானில் வெளிவந்த சுபாரு இம்ப்ரெஸா டபிள்யூ.ஆர்.எக்ஸ். எஸ்.டி.ஐ. ஐந்தாம் பதிப்பு, பின்னால் உயர்ந்து நிற்கும் விங்கையும் பானெட்டின் மேலுள்ள அகலமான காற்றுவாயையும் எடுத்துவிட்டால், குடும்பத்தோடு கடைக்குப் போய்வரும் நான்கு கதவு கார்தான். உள்ளே இருப்பது வேறு. 1,994 சி.சி. இன்ஜினின் நான்கு சிலிண்டர்களும் நிமிர்ந்து நிற்காமல் பக்கத்துக்கு இரண்டாகப் படுத்திருக்கும். எதிரெதிர்ப் பிஸ்டன்கள் ஒரே நேரத்தில் வெளியே போய் ஒரே நேரத்தில் உள்ளே வரும். எடை தரைக்கு அருகில் தங்கிவிடுவதால் வளைவில் கார் சாய்வது குறைவு. ஒரு டர்போ, நான்கு சக்கரங்களுக்கும் இழுவை, விவரப்பட்டியலில் 280 குதிரைசக்தி.

அந்த 280-க்கு ஒரு பின்கதை உண்டு. 1989 முதல் 2004 வரை ஜப்பானியக் கார் நிறுவனங்கள், உள்நாட்டில் விற்கும் எந்தக் காருக்கும் 280-க்கு மேல் கணக்குக் காட்டுவதில்லை என்று தங்களுக்குள் வாய்மொழியாக ஒப்புக்கொண்டிருந்தன. மணிக்கு 180 கிலோமீட்டருக்கு மேல் போகாதபடி ஒரு பூட்டும் இருந்தது. ஆகவே அந்தக் காலத்து ஜப்பானிய வேகக் கார்கள் பலவும் கையைக் கட்டிக்கொண்டே தொழிற்சாலையைவிட்டு வந்தவை. வாங்கியவர்கள் கட்டை அவிழ்த்தார்கள். மாற்றியமைத்த கார் என்றாலே சாலையில் சத்தம் போடும் விடலைத்தனம் என்று ஒதுக்குகிறவர்கள் இந்தப் பின்னணியைக் கணக்கில் எடுப்பதில்லை.

பிரிட்டனில் இம்ப்ரெஸாவுக்குக் கிடைத்த பாசம் ராலிப் பந்தயத்திலிருந்து வந்தது. 1995-ல் ஸ்காட்லாந்துக்காரர் காலின் மெக்ரே, பான்பரியில் இருந்த புரோடிரைவ் நிறுவனம் தயார்செய்த நீல இம்ப்ரெஸாவில் உலக ராலிச் சாம்பியன் ஆனார். அந்தப் பட்டத்தை வென்ற முதல் பிரிட்டிஷ்காரர் அவர். 1995, 1996, 1997 மூன்று ஆண்டும் தயாரிப்பாளர் பட்டம் சுபாருவுக்கே. நீல உடம்பும் தங்க நிற ரிம்மும் ஒரு தலைமுறையின் கண்ணில் பதிந்துபோயின. ஜப்பானைப் போலவே பிரிட்டனிலும் சாலையில் இடப்பக்கம்தான் ஓட்டவேண்டும், ஸ்டியரிங்கும் வலப்பக்கம்தான். அதனால் ஜப்பானில் பழையதான கார்கள் கப்பலேறி நேராக வந்து இறங்கின.

அப்படி இறங்கியவற்றில் ஒன்று, 1999-ல் தயாரான நீல எஸ்.டி.ஐ., 2023 கோடையில் லண்டனின் வடமேற்கு விளிம்பிலுள்ள ஹாரோவில் விற்பனைக்கு வந்தது. 2006-ல் பிரிட்டனுக்கு வந்த கார். 2009-ல் அதை வாங்கிய உரிமையாளர் பதினான்கு ஆண்டுகள் வைத்திருந்தார். ஹாரோவில் குடியேறிய ஆயிரக்கணக்கான தமிழர்களில் ஒருவர். தினசரி வேலைக்கு ரயிலில் போய்வந்தவர். இந்தக் கார் ஞாயிற்றுக்கிழமைக் கார்.

மாற்றங்கள் ஒரே மூச்சில் நடந்தவை அல்ல. முதலில் சைலன்சர் மாறியது. பிறகு இன்டர்கூலர். டர்போ அழுத்தும் காற்று சூடாகும், சூடான காற்று விரிவதால் அதே இடத்தில் அடங்கும் ஆக்சிஜன் குறையும். அதைக் குளிர்விக்கும் பெட்டிதான் இன்டர்கூலர். இம்ப்ரெஸாவில் அது இன்ஜின் தலைமேல் படுத்திருக்கும். பானெட்டின் காற்றுவாய் இருப்பதே அதற்குக் காற்றூட்டத்தான். பெரிய இன்டர்கூலரை முன்பம்பருக்குப் பின்னால் நிறுத்தியபின் அந்த வாய்க்கு வேலையில்லாமல் போனது. அடுத்து டிடி05 வகைப் பெரிய டர்போ, அதிகப் பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டர்கள், மணிக்கு 255 லிட்டர் தள்ளும் பெட்ரோல் பம்ப், இவை அத்தனைக்கும் ஏற்ப மறுபடி எழுதப்பட்ட இன்ஜின் கணினி.

2013-ல் இன்ஜின் தட்டியது. நெடுஞ்சாலையில் 3,000 சுற்றில் போய்க்கொண்டிருந்தபோது, வாசல் கதவை யாரோ விரல்மூட்டால் தட்டுவதுபோல ஒரு சத்தம். இந்த இன்ஜின்களைத் தெரிந்தவர்களுக்கு அந்தச் சத்தம் தெரியும்: கனெக்டிங் ராடின் பேரிங் போய்விட்டது. உடனே அணைத்து, இழுத்துவரச் செய்து, பிரித்து, ஃபோர்ஜ் செய்த பிஸ்டன்களும் ராடுகளும் போட்டுப் புதிதாகக் கட்டவேண்டியதாயிற்று. 2015-ல், கூடின இழுவையில் மூன்றாம் கியரின் பல் உடையும் என்று பெயரெடுத்த பழைய ஐந்து வேக கியர்பாக்ஸை எடுத்துவிட்டு, 2001-க்குப் பிந்தைய எஸ்.டி.ஐ.யின் ஆறு வேக கியர்பாக்ஸை வைத்தார். அதோடு பின் டிஃபரன்ஷியலும் மாறவேண்டும், இல்லையென்றால் முன் சக்கரமும் பின் சக்கரமும் வேறுவேறு விகிதத்தில் சுழன்று நடு டிஃபரன்ஷியலைத் தின்றுவிடும். கடைசியாக ரோலர் மேல் ஏற்றி அளந்தபோது 378 குதிரைசக்தி வந்தது.

விற்கும்படி நெருக்கியது காற்றுமாசுக் கட்டணம். லண்டனின் யூலெஸ் மண்டலம் 2019 ஏப்ரலில் நகரின் நடுவில் தொடங்கி, 2021 அக்டோபரில் வடக்கு, தெற்கு வட்டச்சாலைகள் வரை விரிந்தது. அடுத்து 2023 ஆகஸ்ட் 29-ல் எல்லா வட்டாரங்களுக்கும் வரப்போவதாக அறிவிப்பு. பெட்ரோல் கார் யூரோ 4 தரத்தில் இருக்கவேண்டும். இல்லையென்றால் சாலையில் இறங்கும் ஒவ்வொரு நாளுக்கும் 12.50 பவுண்டு. கிறிஸ்துமஸ் நாள் மட்டும் விலக்கு. தினமும் எடுத்தால் ஆண்டுக்கு 4,550 பவுண்டு. ஹாரோ உள்ளிட்ட ஐந்து கவுன்சில்கள் வழக்குப் போட்டிருந்ததால் ஜூலை மாதம் முழுவதும் ஒரு நம்பிக்கை இருந்தது. ஜூலை 28-ல் உயர் நீதிமன்றம் வழக்கைத் தள்ளியது. அன்று மாலையே உரிமையாளர் கேரேஜ் விளக்கைப் போட்டு, காரின் பில்களை எடுத்துத் தேதிவாரியாக அடுக்க ஆரம்பித்தார்.

முதல் கேள்வி விலை. பில்களின் கூட்டுத்தொகை 22,840 பவுண்டு. கார் வாங்கிய பணம் தனி. இந்தக் கூட்டல் விற்பனைக்கு எந்த விதத்திலும் உதவாது. டர்போவுக்குக் கொடுத்த பணத்தை அடுத்தவர் திருப்பித் தரமாட்டார். அவர் விரும்பும் டர்போ வேறாக இருக்கலாம், அல்லது டர்போவே மாறாத காரை அவர் தேடிக்கொண்டிருக்கலாம். இருபத்தைந்து ஆண்டு கழித்து, எதையும் தொடாத அசல் கார்தான் அரிது, ஆகவே அதற்குத்தான் விலை. எல்லாரும் கட்டை அவிழ்த்துவிட்டதால் கட்டோடு இருப்பது பொக்கிஷமாகிவிட்டது. ஆனால் அசலுக்குத் திருப்புவதற்கும் வழியில்லை. பழைய இன்டர்கூலரும் டர்போவும் பெட்டியில் பத்திரமாக இருந்தன. பழைய பிஸ்டன்களும் கியர்பாக்ஸும் எப்போதோ போய்விட்டன.

இரண்டாவது வழி, பிரித்து விற்பது. ஆறு வேக கியர்பாக்ஸ், கட்டிய இன்ஜின், பிரேக், சீட்டுகள், ரிம்கள் என்று தனித்தனியாகப் போட்டால் 16,000 வரை தேறும் என்று உரிமையாளரின் கணக்கு சொன்னது. முழுக்காராக அதைவிடக் குறைவுதான். மண்டலத்தை விரிவாக்கிய நிர்வாகம், பழைய காரை உடைக்கக் கொடுப்பவர்களுக்கு 2,000 பவுண்டு தருவதாகவும் சொல்லியிருந்தது. அவர் இரண்டையும் ஒதுக்கினார். ஓடுகிற காரை உடைத்தால் பதினான்கு ஆண்டு உழைப்பு நாலு திசையில் பொட்டலமாகப் போகும்; சட்டகம் மட்டும் பழைய இரும்புக்குப் போகும். மூவாயிரம் பவுண்டு குறைந்தாலும் கார் காராகவே போகட்டும் என்று முடிவெடுத்தது சரியான முடிவு. 13,500 என்று கேட்பதாக எழுதினார்.

விளம்பரத்துக்கு முன் மூன்று வாரம் தயாரிப்பில் கழிந்தது. முதலில் அடிப்பாகம். ஜப்பானில் விற்ற கார்களுக்கு அடியில் துருத்தடுப்புப் பூச்சு சொற்பம். பிரிட்டனிலோ குளிர்காலத்தில் சாலையில் உப்பு கொட்டுவார்கள். அந்த உப்பு முதலில் பிடிக்குமிடம் பின்சக்கர வளைவுகள், பிறகு கதவுக்குக் கீழுள்ள சில், பிறகு ஷாக் அப்சார்பரின் தலை உட்காரும் மேடை. காரை லிஃப்டில் ஏற்றி, டார்ச் அடித்து, இந்த இடங்களைத் தனித்தனியே படமெடுத்தார். வலப்புறப் பின்வளைவில் 2018-ல் வெட்டி வெல்டிங் செய்த தழும்பையும் படமெடுத்தார்.

அடுத்து கம்ப்ரஷன் சோதனை. ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தத்தைப் பிடித்துவைக்கிறது என்று ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அளப்பது. படுத்த இன்ஜினில் பிளக்குகள் சட்டகத்தை ஒட்டிப் பக்கவாட்டில் மாட்டிக்கொண்டிருக்கும். கை நுழையாது, முழங்கை திரும்பாது, ஒரு பிளக்குக்கு அரைமணி. கிடைத்த எண்கள் 148, 150, 147, 150. எண் பெரிதா சிறிதா என்பதைவிட நான்கும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருப்பதே முக்கியம். ஒன்று மட்டும் தாழ்ந்தால் அங்கே பிஸ்டனோ வால்வோ கெட்டிருக்கும். அந்த நான்கு எண்களையும் தேதியோடு ஒரு தாளில் எழுதி, மீட்டரைப் பிடித்த படத்தோடு வைத்தார்.

சைலன்சர் குழாயில் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் திரும்ப ஏறியது. மாற்றியமைத்த கார்களில் அதைக் கழற்றிவிட்டு, ஆண்டுச் சோதனையான எம்.ஓ.டி. நாளன்று மட்டும் மாட்டி, மறுநாள் எடுத்துவிடும் வழக்கம் பரவலாக உண்டு. அது தப்பு, விற்கும்போது இன்னும் தப்பு. சாலைக்குத் தகுதியில்லாத வண்டியை விற்பதை பிரிட்டனின் 1988 சாலைப் போக்குவரத்துச் சட்டம் குற்றமாக வைத்திருக்கிறது, விற்பவர் தனிநபர் என்றாலும். ஆகஸ்ட் இரண்டாம் வாரம் புதிய எம்.ஓ.டி. எடுத்ததில் கார் தேறியது. பின்பக்க பிரேக் குழாயில் லேசான துரு என்று ஒரு குறிப்பு மட்டும் வந்தது. தேறிய காருக்கு அது போதும்தான். ஆனாலும் குழாயை மாற்றிவிட்டு அந்தப் பில்லையும் கோப்பில் சேர்த்தார்.

எம்.ஓ.டி. வரலாற்றில் வேறொரு சிக்கல் காத்திருந்தது. பிரிட்டனில் 2005-க்குப் பிந்தைய எம்.ஓ.டி. முடிவுகளை வண்டி எண் தெரிந்த யாரும் அரசின் இணையப் பக்கத்தில் பார்க்கலாம். இந்தக் காருக்கு 2007-ல் 91,400 மைல் என்றும் 2008-ல் 61,200 மைல் என்றும் பதிவாகியிருந்தது. ஓராண்டில் முப்பதாயிரம் மைல் குறைந்த காரை யார் பார்த்தாலும் மீட்டரைத் திருப்பிவிட்டார்கள் என்றுதான் நினைப்பார்கள். நடந்தது அதுவல்ல. ஜப்பானிலிருந்து வந்த மீட்டர் கிலோமீட்டரில் ஓடியது. சோதித்தவர் மைல் என்று பதிந்துவிட்டார். 91,400 கிலோமீட்டர் ஏறக்குறைய 56,800 மைல். மறு ஆண்டு மீட்டர் மைலுக்கு மாறியபின் வந்த 61,200 சரியாகப் பொருந்துகிறது. இதை நிரூபிக்க ஜப்பானிய ஏலத்தாள் இருந்தது. காரின் வரைபடத்தில் ஒவ்வொரு கீறலையும் குறித்து, 4 என்று தரமிட்டு, ஓடிய கிலோமீட்டரை எழுதிய ஒற்றைத் தாள். பதினேழு ஆண்டாகக் கையுறைப் பெட்டியில் மடிந்து கிடந்த அந்தத் தாள் இல்லாமல் போயிருந்தால், பொய் சொல்லாத ஒருவர் பொய்யராகத் தெரிந்திருப்பார்.

விளம்பர வாசகம் எழுத இரண்டு இரவு பிடித்தது. இவ்வகை விளம்பரங்களில் வழக்கமாகக் காண்பது நிறுவனப் பெயர்களின் வரிசை: இன்ன ஜப்பானியக் கம்பெனியின் சைலன்சர், இன்ன கம்பெனியின் மீட்டர், இன்ன ஸ்பிரிங். வாங்குபவருக்குத் தெரியவேண்டியது அது இல்லை. எதை, எப்போது, யார் மாட்டினார்கள், அதற்குப்பின் எத்தனை மைல் ஓடியது, ட்யூன் செய்தது எந்த பெட்ரோலுக்கு? கடைசிக் கேள்வி சில்லறையானதல்ல. 99 ஆக்டேன் பெட்ரோலுக்காக எழுதிய கணினி உள்ள காரில் 95 ஊற்றி முழு வேகம் கொடுத்தால், கலவை நேரத்துக்கு முன்பே வெடித்து பிஸ்டன் நெளியும். கிட்டத்தட்ட நானூறு குதிரைசக்திக் காரை விற்பவர் இந்த ஒரு வரியை விட்டுவிட்டால், வாங்கியவர் முதல் வாரத்திலேயே இன்ஜினை இழக்கலாம்.

ஆகவே வாசகம் மாற்றங்களை ஆண்டு வரிசையில் சொன்னது. 2013-ல் இன்ஜின் தட்டியது முதல் பத்தியிலேயே இருந்தது. பிறகு குறைகள்: பெரிய இன்டர்கூலர் வந்தபின் ஏ.சி. வேலை செய்வதில்லை, இடப்புறக் கண்ணாடி மெதுவாக ஏறும், வால்வு மூடியின் ஓரத்தில் ஆயில் கசிவு, சொட்டாது, ஈரமாக இருக்கும், முன்பம்பரில் கல்பட்ட புள்ளிகள், வலப்பின் வளைவில் வெல்டிங். இதையெல்லாம் எழுதினால் யார் வருவார்கள் என்று வீட்டில் கேட்டார்கள். வருகிறவர் ஒருவர் போதும் என்பது அவருடைய பதில். தனிநபர் விற்பனையில் கடையில் வாங்கியதற்கு உள்ள பாதுகாப்பு வாங்குபவருக்கு இல்லை. ஆனால் சொன்னபடி பொருள் இருக்கவேண்டும் என்பது தனிநபரையும் கட்டும். ஒரு மாற்றியமைத்த காருக்குத் தொழிற்சாலையின் உறுதிமொழி எப்போதோ செல்லாமல் போய்விட்டது. மிஞ்சியது உரிமையாளரின் சொல் ஒன்றுதான், அவர் விற்றதும் பெரும்பகுதி அதைத்தான்.

கூடவே ஒரு வீடியோவும். ஃபோர்ஜ் செய்த பிஸ்டன் சூட்டில் அதிகம் விரியும். அதற்காகச் சிலிண்டருக்குள் கூடுதல் இடைவெளி விட்டுக் கட்டுவார்கள். குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்தால் பிஸ்டன் அந்த இடைவெளியில் ஆடி, உலோகத்தில் கரண்டி மோதுவதுபோல் மெல்லச் சத்தமிடும். சூடேறியதும் அடங்கிவிடும். தெரியாதவர் காதுக்கு அது பேரிங் போன சத்தம். ஆகவே காலை ஆறு மணிக்கு, இரவெல்லாம் நின்ற காரை ஸ்டார்ட் செய்து, வெப்பமானி ஏறும்வரை வெட்டாமல் ஏழு நிமிடம் படமெடுத்தார். ஐந்தாம் நிமிடத்தில் கரண்டிச் சத்தம் கரைந்து, சமமில்லாத நீளமுள்ள எக்ஸாஸ்ட் குழாய்கள் எழுப்பும் அந்த இம்ப்ரெஸாவுக்கே உரிய விட்டுவிட்டு உறுமும் ஒலி மட்டும் மிஞ்சியது.

படங்களுக்காக உடம்பைக் கழுவினார், இன்ஜினைக் கழுவவில்லை. பளபளக்கும் இன்ஜினைப் பார்த்தால் அனுபவமுள்ளவர் எதை மறைத்தார்கள் என்றுதான் யோசிப்பார். நம்பர் பிளேட்டை மறைப்பதா என்பதில் தயக்கம் இருந்தது. படத்தைப் பார்த்து அதே எண்ணில் பிளேட் செய்து வேறு காரில் மாட்டிவிடுகிற திருட்டு உண்டு. மறைத்தால், எம்.ஓ.டி. வரலாற்றை யாரும் பார்க்கமுடியாது. கடைசியில் படத்தில் மறைத்துவிட்டு, கேட்பவருக்கு எண்ணைத் தருவதாக எழுதினார்.

விளம்பரம் ஏறிய சில நாட்களில் நாற்பது பேருக்கு மேல் எழுதினார்கள். பெரும்பாலோர் கேட்டது ஒரே கேள்வி: கடைசி விலை என்ன? காரைப் பார்க்காமல், விளம்பரத்தைக்கூடப் படிக்காமல் கேட்பது. சிலர் மோட்டார் சைக்கிளைத் தருகிறோம், வேனைத் தருகிறோம், மாற்றிக்கொள்வோமா என்றார்கள். ஒருவர் தான் வெளிநாட்டில் இருப்பதாகவும், கேட்டதைவிடக் கூடுதலாக அனுப்புவதாகவும், மீதியைக் கப்பல் ஏஜெண்டுக்குத் தரும்படியும் எழுதினார். இந்த ஏமாற்று பழையது. பணம் வந்ததாகப் போலி மின்னஞ்சல் வரும். ஏஜெண்டுக்கு அனுப்பும் பணம் மட்டும் நிஜப் பணமாக இருக்கும். பதில் எழுதாமல் விட்டதே சரி.

ஈஸ்ட்ஹாமிலிருந்து ஒரு தமிழ்ப் பையன் பேசினான். வயது 21. பெயரைப் பார்த்துத் தமிழர் என்று தெரிந்துகொண்டு, "அண்ணா, கடைசி விலை சொல்லுங்கோ, இண்டைக்கே வாறன்" என்றான். உரிமையாளர் விலை சொல்லவில்லை. வீட்டு வாசலைவிட்டுச் சாலையில் இறக்கினாலே ஒரு நாளைக்கு 12.50 என்றார். மாற்றங்கள் ஒவ்வொன்றையும் இன்சூரன்ஸுக்குச் சொல்லவேண்டும், மறைத்தால் விபத்தன்று அந்தப் பாலிசி கைகொடுக்காது என்றார். பட்டியலை அனுப்புகிறேன், முதலில் இன்சூரன்ஸ் விலை கேட்டுவிட்டுப் பேசு தம்பி என்று அனுப்பியும் வைத்தார். இரண்டு மணி நேரத்தில் பதில் வந்தது: "காசு காரைவிடக் கூடவா வருது அண்ணா." விற்பனை ஒன்று போனது. அந்த வயதில் அந்தக் காரை வாங்கியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யோசிக்கிற எவரும் அதை நஷ்டமாக எண்ணமாட்டார்கள்.

நேரில் வந்தவர்கள் மூன்று குழு. முதலில் வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் உரிமையாளரைப் பின்புறம் அழைத்துப்போய் விங்கைப் பற்றி ஓயாமல் கேட்க, மற்றவர் திறந்திருந்த பானெட் அருகில் தனியாக நின்றார். பிரிட்டனில் அப்போது செய்தியாகியிருந்த ஒரு தந்திரம் அது: கூலன்ட் தொட்டியில் கொஞ்சம் ஆயிலை ஊற்றிவிட்டு, இன்ஜின் போய்விட்டது பாருங்கள் என்று விலையைப் பாதியாக்குவது. அவர்கள் எண்ணம் அதுதானா என்று சொல்வதற்கில்லை. உரிமையாளர் பேச்சை முறித்துவிட்டு முன்னால் வந்து நின்றுகொண்டார்; அன்றிலிருந்து பானெட் திறந்திருக்கும் வரை அங்கிருந்து நகர்வதில்லை என்று வைத்துக்கொண்டார். இரண்டாவதாக வந்தவர் ஓட்டிப் பார்க்கமட்டும் வந்தவர். இன்சூரன்ஸ் காட்டச் சொன்னதும் கிளம்பிவிட்டார்.

மூன்றாவது ஆள் லிங்கன்ஷயரிலிருந்து வந்தார். டிராக்டர் பழுதுபார்ப்பவர், ஐம்பதை நெருங்கியவர். சனிக்கிழமை காலை ஒன்பதுக்கு வருவதாகச் சொல்லி எட்டரைக்கே வந்து, வணக்கம் சொல்வதற்கு முன்னால் உள்ளங்கையைப் பானெட்டில் வைத்துப் பார்த்தார். சில்லென்று இருந்ததும் தலையாட்டினார். முன்பே சூடாக்கி வைத்த இன்ஜின் குளிர்காலை நோய்களை மறைத்துவிடும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்த்து, சுழி பார்த்து, நடக்கவிட்டுப் பார்க்கும் பெரியவர்களின் நிதானம் அவரிடம் இருந்தது.

அவர் முதலில் பார்த்தது இன்ஜினை அல்ல, டயர்களை. சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன அளவுகோலை எடுத்து நான்கு டயரின் பள்ளத்தையும் அளந்து கையில் எழுதிக்கொண்டார். நான்கு சக்கரமும் இழுக்கும் காரில் ஒரு டயர் மட்டும் தேய்ந்திருந்தால் அதன் சுற்றளவு சிறிது. அது மற்றவற்றைவிட வேகமாகச் சுழலும். அந்த வித்தியாசத்தை நடு டிஃபரன்ஷியல் ஓயாமல் தாங்கிச் சூடாகிக் கெடும். ஒரு காரின் சொந்தக்காரர் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துகொள்ள நான்கு டயர் போதும் என்றார் அவர். நான்கிலும் ஐந்து மில்லிமீட்டர் இருந்தது. பிறகு அட்டையைத் தரையில் விரித்துப் படுத்து, வெல்டிங் தழும்பை ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டிப் பார்த்தார். ஸ்டார்ட் செய்ததும் கரண்டிச் சத்தம் வந்தது. அவர் ஏற்கெனவே ஏழு நிமிட வீடியோவை இரண்டு முறை பார்த்திருந்தார்; கையைக் கட்டிக்கொண்டு, அது அடங்கும்வரை ஒரு வார்த்தை பேசாமல் நின்றார்.

கோப்பு அரைமணி நேரம் எடுத்தது. ஏலத்தாளையும் 2007, 2008 பதிவுகளையும் அருகருகே வைத்து, கைபேசியின் கணிப்பானில் 91,400-ஐ 1.609-ஆல் வகுத்துப் பார்த்தார். கடன் பாக்கியோ, விபத்தில் கழித்துவிடப்பட்ட வரலாறோ உண்டா என்று கட்டணம் கட்டி முன்பே சோதித்திருந்தார். இன்ஜின் எண் லாக்புக்கில் உள்ளதோடு பொருந்துகிறதா என்றும் பார்த்தார். இன்ஜினைக் கட்டியபோது பிளாக் மாறவில்லை என்பதால் எண் பொருந்தியது.

ஓட்டிப் பார்க்க அவர் தற்காலிக இன்சூரன்ஸ் எடுத்து வந்திருந்தார். முதல் பாதியை உரிமையாளரே ஓட்டினார். ஆயில் 80 பாகை தாண்டும்வரை 3,000 சுற்றுக்கு மேல் போகவில்லை. பக்கத்தில் இருந்தவர் அதைக் கவனித்தார், ஒன்றும் சொல்லவில்லை. இடம் மாறியபின் அவர் முதலில் செய்தது, காலியான கார் நிறுத்துமிடத்தில் ஸ்டியரிங்கை முழுதாக வெட்டி, நடைவேகத்தில் எட்டுப் போடுவது. நடு டிஃபரன்ஷியல் இறுகியிருந்தால் கார் திக்கித் திக்கி நகரும். திக்கவில்லை, வழுக்கிக்கொண்டு போனது. முழு பூஸ்டில் ஒரே ஒரு முறை, மூன்றாம் கியரில், நெடுஞ்சாலை ஏறுபாதையில் மிதித்தார். முகம் மலர்ந்தது. திரும்பி வந்ததும் இன்ஜினை உடனே அணைக்காமல், டர்போவின் சூடு ஆயிலில் இறங்க ஒரு நிமிடம் விட்டார். அந்த ஒரு நிமிடத்தில் உரிமையாளரின் மனம் தீர்மானித்துவிட்டது.

பேரம் நீளவில்லை. ஏ.சி.யும் கேம்பெல்ட்டும் அவர் சொன்ன இரண்டு காரணங்கள். பெல்ட் போட்டு ஐந்து ஆண்டு ஆகியிருந்தது. இந்த இன்ஜினில் அது அறுந்தால் பிஸ்டன் வால்வில் மோதும், ஆகவே வாங்கியவுடன் மாற்றத்தான் வேண்டும். நியாயமான காரணம். 12,000 என்றார், 13,000 என்று பதில் போனது, 12,600-ல் நின்றது. பணம் வங்கி வழியாக. அனுப்பியதாக அவர் திரையைக் காட்டியும், உரிமையாளர் தன் கணக்கில் ஏறியதைப் பார்க்காமல் சாவியைத் தரவில்லை. வாங்குபவரும் அதைத் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. வங்கியின் சரிபார்ப்புக்காக நாற்பது நிமிடம் தேநீரோடு காத்திருந்தார்கள். அந்த நேரத்தில் வாங்குபவர் மாற்றங்களின் பட்டியலைத் தன் இன்சூரன்ஸுக்குப் படித்துக் காட்டி பாலிசி எடுத்துமுடித்தார். விலையைக் குறைக்கும் என்று வீட்டில் பயந்த அதே பட்டியல்தான் அங்கே வேலைக்கு உதவியது.

காகித வேலை இணையத்தில் ஐந்து நிமிடம். லாக்புக்கின் பதினொரு இலக்க எண்ணைக் கொடுத்து, புதியவரின் பெயரைப் பதிந்து, பச்சைத் துண்டைக் கிழித்துக் கொடுத்தார். 2014 அக்டோபரிலிருந்து சாலை வரி காரோடு கைமாறுவதில்லை. ஆகவே வாங்கியவர் அங்கேயே புதிதாகக் கட்டினார், பழைய வரியில் மிச்ச மாதங்களுக்கானது உரிமையாளருக்குத் தானாகத் திரும்பி வரும். "பார்த்தபடி விற்கப்பட்டது" என்ற ஒற்றை வரி ரசீதுக்குப் பதில், விளம்பர வாசகத்தையே அச்செடுத்து, குறைகள் உட்பட, இருவரும் கையெழுத்திட்டார்கள். பழைய டர்போ, இன்டர்கூலர், ஸ்பிரிங்குகள் இருந்த மூன்று பெட்டிகள் பின்சீட்டில் ஏறின. பிற்பகல் இரண்டு மணிக்கு கார் வடக்கே கிளம்பியது. ஆகஸ்ட் 29-க்கு மூன்று நாள் இருந்தது.

மறுநாள் சமையலறை இழுப்பறையில் ரிம்களின் பூட்டு நட்டைக் கழற்றும் சாவி கிடந்தது. அது இல்லாமல் ஒரு சக்கரத்தையும் கழற்றமுடியாது. உரிமையாளர் படமெடுத்து அனுப்பி மன்னிப்புக் கேட்டார். திங்கள்கிழமை வங்கி விடுமுறை. செவ்வாய் காலை, யூலெஸ் ஹாரோவுக்கு வந்த அன்று, பஞ்சு சுற்றிய அந்தச் சாவி லிங்கன்ஷயருக்குத் தபாலில் போனது.